அவிழ்த்துக் காட்டச் சொன்னார்கள்

கொளஞ்சியம்மாளை ஊரில் வாய்க்காரி என்பார்கள். ஆஸ்பத்திரி வாட்ச்மேன் கையைக் கடித்தவள் என்று இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறவர்கள் இருக்கிறார்கள். சிரிக்கட்டும். அவள் என் பெரியம்மா மகள், எனக்கு நாலு வயசு மூத்தவள். முப்பத்து நாலு வயசு வரைக்கும் அவள் ஒருத்தரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. அந்த வாய் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும்.

எங்கள் குடிசைகள் கல்வராயன் மலைக்கு அடியில், கச்சிராயபாளையத்துக்கு மேற்கே இருந்தன. நிலம் என்று எங்கள் வகையில் யாருக்கும் ஒரு குழி கிடையாது. பெரியம்மாவும் பெரியப்பாவும் ஒரே வருஷத்தில் போய்ச் சேர்ந்தபோது கொளஞ்சிக்குப் பதிமூணு வயசு, தம்பி வேடியப்பனுக்கு மூணு. இடுப்பை விட்டு இறக்காமல் அவனை வளர்த்தவள் அவள்தான். பொன்னுரங்கத்துக்கு அவளைக் கட்டிக் கொடுத்தபோதும் தம்பியைக் கையில் பிடித்துக்கொண்டுதான் போனாள். பொன்னுரங்கம் எலவனாசூர்கோட்டைப் பக்கத்து ஆள். எங்கள் பாட்டனுடைய தங்கை வழியில் வந்த உறவு. சத்தம் போட்டுப் பேசத் தெரியாத மனுஷன். மச்சானையும் தன் பிள்ளை மாதிரித்தான் வைத்திருந்தார்.

நாங்கள் எல்லோரும் கரும்பு வெட்டுக்குப் போகிறவர்கள். எங்கள் செட்டில் இருபது பேர். மேஸ்திரி தங்கதுரை, என் அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் ஒன்றுவிட்ட தம்பி. எங்களுக்கு மாமன். மாமன் என்பதால் திட்டுவது கூடுமே தவிரக் குறையாது.

செட்டில் ஒரு வழக்கம் இருந்தது. யாருக்காவது கத்தி பட்டுவிட்டால், சுற்றின துணியை அவிழ்த்து மேஸ்திரியிடம் காட்ட வேண்டும். அவர் பார்த்து "சரி, குந்து" என்றால்தான் வரப்பில் உட்காரலாம். பண்ணைக்காரர் வந்தால் அவருக்கும் அவிழ்த்துக் காட்ட வேண்டும். எந்தக் காலத்திலோ எவனோ ஒருவன் சின்னக் கீறலுக்குப் பெரிய துணியைச் சுற்றிக்கொண்டு வேலைக்கு ஏய்த்திருப்பான் போலிருக்கிறது. அவன் ஒருவனுக்காக எங்கள் எல்லோருடைய காயத்தையும் பிரித்துப் பார்த்தார்கள். நாங்களும் காட்டினோம். வலிக்கிறது என்று நாங்கள் வாயால் சொன்னால் அது பொய். ரத்தம் வழிந்தால்தான் மெய்.

இன்னொரு மடத்தனம் எங்களுடையதே. காயத்தின் வாயில் கருஞ்சிவப்பாகக் கட்டிக்கொண்டு நிற்கிறதே, அதைக் கெட்ட ரத்தம் என்று நினைத்திருந்தோம். அதை வழித்துப் போட்டுப் பச்சைத் தண்ணீர் விட்டுக் கழுவினால்தான் காயம் ஆறும் என்று பெரியவர்கள் சொன்னார்கள். நாங்களும் சொன்னோம்.

எழுபத்தாறாம் வருஷம் மார்கழி மாசம், நைனார்பாளையத்துப் பக்கம் ஒரு கரும்புக் கொல்லையில் வெட்டு. காலையிலிருந்து மூடுபனி. கரும்பின் சோகை இலையெல்லாம் நனைந்து கிடந்தது. பொன்னுரங்கம் குனிந்து அடிக்கரும்பை வெட்டும்போது கத்தி வழுக்கி இடது கெண்டைக்காலில் இறங்கிவிட்டது. கொளஞ்சி ஓடிப்போய் முந்தானையைக் கிழித்து இறுக்கிக் கட்டினாள். ரத்தம் துணியில் ஊறி, அப்படியே நின்றுவிட்டது. நின்றதை என் கண்ணால் பார்த்தேன்.

தங்கதுரை மாமன் வந்தார். "அவுத்துக் காட்டு" என்றார்.

கொளஞ்சி அவிழ்த்தாள். ரத்தம் மறுபடி பிடுங்கிக்கொண்டு வந்தது. கட்டினாள். கெட்ட ரத்தம் என்று யாரோ சொல்ல, திரும்ப அவிழ்த்து, கட்டியாக இருந்ததையெல்லாம் விரலால் வழித்து, மோட்டார்த் தொட்டியிலிருந்து தண்ணீர் ஊற்றினோம். தொட்டியில் மொண்டு கொடுத்த கை என்னுடையது. இந்தக் கைதான். பிறகு பண்ணைக்காரர் வந்தார், அவருக்காக அவிழ்த்தாள். ரோட்டு மேல் இருந்த கம்பவுண்டர் அவிழ்த்துப் பார்த்துவிட்டு, "இது நம்ம கையில இல்லப்பா, டவுனுக்குத் தூக்கிக்கினு போங்க" என்றார். அதற்குள் பொன்னுரங்கத்துக்கு உடம்பெல்லாம் நடுக்கம். மேல்துணி தொப்பலாக நனைந்திருந்தது. ஒருத்தருக்கும் அதை மாற்றத் தோன்றவில்லை. கரும்பு லாரியில் ஏற்றி ஆஸ்பத்திரி வாசலில் இறக்கியபோது அவர் உயிரோடு இல்லை.

அங்கே ஒரு நர்ஸம்மா இருந்தார்கள். காலைப் பார்த்துவிட்டுக் கேட்டார்கள். "இந்தக் கட்டை எத்தினி தரம் அவுத்தீங்க?"

"நாலு" என்றாள் கொளஞ்சி.

அந்த அம்மாவுக்கு வந்த கோபம்! "படுபாவிங்களா! வூட்டுல பாலுக்கு உறை ஊத்துவே இல்ல? ஊத்திட்டு அஞ்சு நிமிஷத்துக்கு ஒருதரம் கரண்டிய வுட்டுக் கலக்கினா தயிராவுமா? ஒடம்பும் அப்படித்தான். வெட்டுப்பட்ட ஒடனே ரத்தக்குழா தானே சுருக்கிக்கும். அந்த வாயிலயே ரத்தம் ஒறைஞ்சி, நூலு நூலா வலை கட்டி அடைக்கும். கெட்ட ரத்தம்னு வழிச்சி எறிஞ்சீங்களே, அதுதான் அந்த அடைப்பு! எடுத்தா ஒடம்பு மொதல்ல இருந்து கட்டணும். எத்தினி தரம் கட்டும்? ஓடற ரத்தத்தோட அந்த உறையும் ஓடிப்பூடும், அப்பால கட்டறதுக்கு ஒண்ணும் இருக்காது. இதுல பச்சத்தண்ணி வேற ஊத்தியிருக்கீங்க. இந்தக் குளுருல தயிரு ஒறையுமா சொல்லு!"

புருஷனைப் பறிகொடுத்தவளை இப்படியா பேசுவது என்று கூட வந்தவர்கள் முணுமுணுத்தார்கள். கொளஞ்சி முணுமுணுக்கவில்லை. ஒவ்வொரு சொல்லையும் நின்று வாங்கிக்கொண்டாள். அழுததெல்லாம் வீட்டுக்கு வந்த பிறகுதான்.

அடுத்த ஏழு வருஷம் அவள் செட்டில் வேலை செய்தாள். வேறு போக்கிடம் இல்லை. யாருக்காவது வெட்டு என்றால் முதல் ஆளாக ஓடி, அவிழ்க்காதே என்று சொல்லிப் பார்ப்பாள். "ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்துட்டு டாக்டராயிட்டா பாரு" என்று மாமன் சிரிப்பார். சின்னச் சின்ன வெட்டுகள்தான், அவிழ்த்தாலும் பிழைத்துக்கொண்டார்கள். அதனால் அவள் பேச்சு எடுபடவில்லை.

எண்பத்து நாலாம் வருஷம், தை பிறந்து பத்து நாள். எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே அரங்கநாதன் என்கிறவருடைய கொல்லையில் வெட்டு. மலையிலிருந்து இறங்குகிற காற்று முகத்தைக் கடித்தது. வேடியப்பனுக்கு இருபத்து நாலு வயசு; செவ்வந்தியைக் கட்டி ஆறு மாசம்கூட ஆகவில்லை. அவனுக்கு அடுத்த கரும்பு வரிசையில், அடுத்த சாலில், காசியம்மாள் வெட்டிக்கொண்டிருந்தாள். ஓங்கின வேகத்தில் அவள் கத்தி பிடியிலிருந்து கழன்று பறந்து, வேடியப்பனுடைய வலது முழங்கைக்கு உள்பக்கம் விழுந்தது. ரத்தம் பீய்ச்சி அடித்தது. அவன் "அக்கா" என்று ஒரே ஒரு தரம் கூப்பிட்டான்.

நாலு சால் தள்ளியிருந்த கொளஞ்சி எப்படி வந்தாள் என்று தெரியாது. தலைத்துணியைச் சுருட்டி வெட்டில் வைத்து, இரண்டு கையாலும் அழுத்தினாள். அவனைக் கீழே சாய்த்து, கையைத் தூக்கித் தன் தோள்மேல் போட்டுக்கொண்டாள். துணி நனைந்தது. அதை எடுக்கவில்லை.

"ஏய், ஒன் துணிய குடுறீ" என்றாள் என்னிடம். என் துணியை நனைந்த துணிக்கு மேலேயே வைத்து அழுத்தினாள். அதுவும் கொஞ்சம் நனைந்தது. பிறகு நனைவது நின்றது.

தங்கதுரை மாமன் வந்தார். "இன்னா கூட்டம் இங்க? கைய எடு, பார்க்கணும்."

"வெட்டு மாமா."

"வெட்டுன்னு தெரியுது. எவ்ளோ ஆழம்னு பார்க்க வேணாமா? பண்ணைக்காரரு கேட்டா இன்னா சொல்றது?"

"ஆழம்னு சொல்லு."

"அடிங்! மாமன்ற மரியாதை கீதாடி ஒனக்கு?"

"கீது. அதான் வாயால சொல்லிக்கினு கீறேன். ரெண்டு கையும் இங்க மாட்டிக்கினு கீது, இல்லாங்காட்டி வேற மாதிரி சொல்லியிருப்பேன்."

யாரோ சிரித்துவிட்டார்கள். மாமன் முகம் கறுத்தது. அதற்குள் எங்கள் செட்டுப் பாப்பாத்தி குடத்தோடு வந்தாள். நல்லவள்தான், மனசு பொறுக்காமல் ஓடி வந்தவள்.

"கெட்ட ரத்தம் தேங்கிக்கும்டி கொளஞ்சி. ஒரே ஒருதரம் கழுவி வுட்டுட்டுக் கட்டிக்கலாம்."

"கொடத்தை எட்ட வை. ஒரு சொட்டு இவன் மேல பட்டுச்சு, ஒன் மண்டைலயே ஒடைப்பேன். தண்ணி வேணாம், சாக்கு கொண்டா. போர்வை கொண்டா. புள்ள நடுங்கறான் பாரு!"

நான் ஓடினேன். வரப்பில் கிடந்த சாக்கு, பிள்ளைகளைப் போட்டு வைத்திருந்த கந்தல், எல்லாவற்றையும் அள்ளி வந்து அவன் மேல் போட்டேன். அவன் உதடு வெளுத்திருந்தது. கொளஞ்சி அவனைப் பார்த்து, "தூங்காதடா வேடி. தூங்கினே, அறைவேன்" என்றாள். எந்தக் கையால் அறைவாள் என்று அவனுக்குத் தோன்றியிருக்க வேண்டும். லேசாகச் சிரித்தான்.

பண்ணைக்காரர் அரங்கநாதன் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். கொல்லை ஓரத்தில் அவருடைய டிராக்டர் பாதி லோடோடு நின்றது. அந்தச் சுற்றுவட்டாரத்தில் வேறு வண்டி கிடையாது. பஸ் ரோட்டுக்கு மூணு மைல் நடக்க வேண்டும்.

"இன்னாம்மா காயம்? கட்டை எடுத்துட்டுக் காட்டு."

"டாக்டரு வந்து எடுக்கட்டும் அய்யா. டிராக்டரை மட்டும் குடுங்க."

"காயத்தையே பார்க்காம டிராக்டரை அனுப்பச் சொல்றியா? இன்னிக்கு ஆலையில லோடு எறக்கலன்னா அப்பால ரெண்டு நாளு நிக்கணும். சின்னக் காயமா இருந்தா சைக்கிள்ல வச்சிக்கூடத் தள்ளிக்கினு போவலாம் இல்ல?"

அவர் கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன். அவருக்கும் அதுதான் வழக்கம். கெட்டவராக இருந்தால்கூட ஒரு விதத்தில் மனசு ஆறியிருக்கும்.

கொளஞ்சி தலையைத் தூக்கி அவரைப் பார்த்தாள். "நான் அவுத்தா ஒங்களுக்குத் தெரிஞ்சிடும் அய்யா. இவன் செத்துப்பூடுவான். ஏழு வருஷத்துக்கு மின்னால எம் புருஷனை இப்பிடித்தான் அவுத்து அவுத்துக் காட்டினேன். எல்லாரும் நல்லாப் பார்த்தாங்க. பார்த்துட்டு வூட்டுக்குப் போனாங்க. நான் பொணத்தைத் தூக்கிக்கினு போனேன். இன்னிக்கு எவனுக்கும் காட்ட மாட்டேன். அய்யாவுக்கும் காட்ட மாட்டேன். குடுக்கறதுன்னா வண்டி குடுங்க, இல்லன்னா வழிய வுடுங்க. நடக்கறேன்."

அப்படி ஒரு பேச்சை அந்த வரப்பில் அதற்கு முன்னால் யாரும் பேசினதில்லை. பண்ணைக்காரர் வாயைத் திறக்கும் முன்னால் டிராக்டர் ஓட்டுகிற ராமசாமி இன்ஜினைக் கிளப்பிவிட்டான். "பாதி லோடோடவே போய் வந்துடறேன் அய்யா. மீதிய சாயங்காலம் ஏத்திக்கலாம்." அவர் கையை மட்டும் அசைத்தார். சரி என்றா, வேண்டாம் என்றா என்று ராமசாமி திரும்பிப் பார்க்கவில்லை.

கரும்பின் மேலேயே வேடியப்பனைப் படுக்க வைத்தோம். கொளஞ்சி கையை எடுக்காமலே எப்படியோ ஏறிவிட்டாள். இரண்டு பேர் அவளை இடுப்பில் பிடித்து மூட்டை மாதிரித் தூக்கிப் போட்டார்கள். நான் அவன் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். தங்கதுரை மாமனும் செட்டு ஆண்கள் நாலு பேரும் தொற்றிக்கொண்டார்கள். கப்பி ரோடு. ஒவ்வொரு குலுக்கலுக்கும் நான் அவள் கையைப் பார்ப்பேன். விரல் இடுக்கில் புதுச் சிவப்பு வருகிறதா என்று பார்ப்பேன். வரவில்லை.

வழியில் டீக்கடை முன்னால் மாட்டு வண்டிகள் மறித்து நின்றதால் ராமசாமி நிறுத்த வேண்டியதாயிற்று. உடனே பத்துப் பேர் சூழ்ந்துகொண்டார்கள்.

"இன்னா ஆச்சு?"

"வெட்டாம்பா."

"எங்க, கொஞ்சம் தூக்கிக் காட்டும்மா. காபித்தூள் வச்சா கப்புனு புடிச்சிக்கும்." ஒருவர் கை நிறையத் தூளோடு டிரெய்லரில் கால் வைத்தார்.

"ஒம் பொண்டாட்டிக்குப் போட்டுக் குடு, போ" என்றாள் கொளஞ்சி. நான் ஒரு கரும்பை உருவிக் கையில் பிடித்துக்கொண்டேன். அந்த ஆள் இறங்கிவிட்டார்.

டவுன் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர ஒன்றரை மணி நேரம் ஆனது. வாசலில் வாட்ச்மேன். காக்கிச் சட்டை, கையில் ஒரு குச்சி.

"இன்னா கேஸு? அடிதடியா? எடுத்துக் காட்டு. வெட்டுக்குத்துன்னா போலீசுக்குச் சொல்லாம உள்ள வுட முடியாது."

"கரும்பு வெட்டுங்க" என்றேன் நான்.

"எல்லாரும் அப்பிடித்தான் சொல்றீங்க. துணிய எடு." சொல்லிக்கொண்டே அவன் குனிந்து துணியின் முனையைப் பிடித்து இழுத்தான்.

கொளஞ்சி அவன் மணிக்கட்டைக் கடித்துவிட்டாள். கை இரண்டும் தம்பியிடம் இருந்தன, அவளிடம் வேறு என்ன இருந்தது? அவன் போட்ட கூச்சலில் உள்ளேயிருந்து டாக்டரம்மா ஒருவர் வெளியே வந்தார்கள். சின்ன வயசு. வேடியப்பன் முகத்தைப் பார்த்தார்கள், கொளஞ்சியின் கையைப் பார்த்தார்கள்.

"கைய எடுத்துடாதீங்க. அப்படியே உள்ள வாங்க."

காலையிலிருந்து காட்டு என்று சொல்லாத முதல் ஆள் அவர்தான். அப்போதுதான் கொளஞ்சிக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது.

உள்ளே எல்லாம் தயார் செய்த பிறகு கையை எடுக்கச் சொன்னார்கள். அவளால் எடுக்க முடியவில்லை. விரல்கள் மடங்கினபடியே இறுகிப் போயிருந்தன. நர்ஸ் ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்தாள். எங்களை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார்கள்.

கொஞ்ச நேரத்தில் நர்ஸ் வெளியே வந்து, "ரத்தம் நிறைய போயிருக்கு. ரத்தம் ஏத்தினாத்தான் அவரு ஒடம்பு தாங்கும். சொந்தக்காரங்க யாரு குடுக்கறீங்க?" என்று கேட்டாள்.

திரும்பிப் பார்த்தேன். கூட வந்த ஆண்கள் நாலு பேரில் ஒருவன் பீடி பிடிக்கப் போயிருந்தான். இன்னொருவனுக்குத் திடீரென்று தலை சுற்றியது. மற்ற இருவரும் போன இடமே தெரியவில்லை. தங்கதுரை மாமன், "எனக்கு வயசாயிடுச்சிம்மா" என்றார். ஐம்பதுகூட ஆகவில்லை அவருக்கு. கட்டை அவிழ்த்து ரத்தத்தைப் பார்ப்பதற்கு மட்டும் வயசு தடையில்லை போலிருக்கிறது. கொளஞ்சி ஓடினாள், அவள் ரத்தம் சேரவில்லை என்றார்கள். என்னுடையது சேர்ந்தது. ராமசாமியுடையதும் சேர்ந்தது. அவன் எங்களுக்கு எந்த வகையிலும் உறவில்லை.

பொழுது சாய்கிற நேரத்தில் டாக்டரம்மா வந்தார்கள். "பொழைச்சிக்கிட்டாரு. மூணு வெரல் முன்ன மாதிரி மடங்காது. அறுந்துபோன குழாயத் தைச்சிருக்கோம். ஆனா நாங்க தைக்கிற வரைக்கும் அவரைக் காப்பாத்தினது அவரு ஒடம்பு கட்டின அடைப்பும், அதைக் கலையாம புடிச்சிருந்த உங்க கையும்தான்."

எல்லோரும் கும்பிட்டோம். கொளஞ்சி மட்டும் கும்பிடவில்லை. கேட்டாள்.

"எம் புருஷனுக்குக் கால்ல வெட்டு, கெண்டைக்கால்ல. நாலு தரம் அவுத்தேன். அவுக்காம இருந்திருந்தா?"

"நான் பார்க்கலையேம்மா, உறுதியா சொல்லக் கூடாது" என்றார்கள் டாக்டரம்மா. பிறகு, "கால் வெட்டுன்னா, அழுத்திப் புடிச்சிக் கொண்டு வந்திருந்தா, பொழைக்கறதுக்கு நிறைய வழி இருந்துச்சு" என்றார்கள்.

கொளஞ்சி தலையை ஆட்டிக்கொண்டாள்.

மூணாம் நாள் காலையில் செவ்வந்தியை ஆஸ்பத்திரியில் வைத்துவிட்டு, முதல் பஸ்ஸில் வந்து நேராகக் கொல்லைக்கு வந்தாள். செட்டு அப்போதுதான் இறங்கிக்கொண்டிருந்தது. மாமன் வரப்பில் நின்று வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார்.

"மாமா. பொழைச்சிருப்பாராம்."

"அதான் பொழைச்சிக்கினானே. நல்லா இருக்கட்டும்."

"வேடி இல்ல. அவரு."

"எவரு?"

அந்த ஒரு கேள்வியைக் கேட்டதும் எனக்கே உடம்பு பற்றி எரிந்தது. எவர் என்று கேட்கிறார்! தன் செட்டில், தன் கண் முன்னால், தான் சொல்லி அவிழ்த்து ரத்தம் கொட்டிச் செத்தவன் எவன் என்று அவருக்கு நினைவில்லை.

கொளஞ்சி சத்தம் போடவில்லை. "பொன்னுரங்கம்" என்றாள். "ஒங்க அக்கா மருமவன்."

மாமன் வெற்றிலையை வாயில் போடாமல் கையிலேயே வைத்திருந்தார். "எனக்கு இன்னாடி தெரியும்? காலங்காலமா எல்லாரும் பண்ணிக்கினு கீறதைத்தான நானும் பண்ணேன்."

"ஒனக்குத் தெரியாதுன்னு எனக்குத் தெரியும். காட்டச் சொன்னது நீ. அவுத்தது நான். என்னை இன்னா பண்ணிக்கிறதுன்னு நான் பார்த்துக்கறேன். நீ இப்போ இங்க நின்னு, எல்லார் காதுலயும் வுழற மாதிரி சொல்லு. இந்த செட்டுல எவன் காயத்தையும் அவுத்துக் காட்டச் சொல்ல மாட்டேன்னு சொல்லு."

"சொல்லலன்னா?"

அவள் ஒருத்தி, அவர் மேஸ்திரி. அப்போது காசியம்மாள் தன் கத்தியைக் கரும்புச் சோகை மேல் போட்டாள். அன்றைக்குக் கழன்று பறந்த அதே கத்தி. புதுப் பிடி போட்டிருந்தாள். நான் என் கத்தியைப் போட்டேன். பாப்பாத்தி போட்டாள். ஆண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு ஒவ்வொன்றாக விழுந்தன.

"சரிடி, சரி. இனிமே கேக்கல" என்று மாமன் வாய்க்குள்ளேயே சொன்னார்.

"காது கேக்கல."

"இனிமே எவன் காயத்தையும் அவுத்துக் காட்டச் சொல்ல மாட்டேன். போதுமா?"

"எனக்குப் போதாது" என்றாள் கொளஞ்சி. "இவங்களுக்குப் போதும்."

கீழே கிடந்த கத்திகளில் ஒன்றை எடுத்துக்கொண்டு, வேடியப்பன் பாதியில் விட்டிருந்த சாலில் இறங்கினாள். அன்று உச்சிப்பொழுது வரைக்கும் அவள் வெட்டின வேகத்துக்கு யாராலும் பக்கத்தில் நிற்க முடியவில்லை.